அன்னையர் தினம் எது: மார்ச்சா, ஏப்ரலா, மேயா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் நர்சிங் முடித்து இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். மகன் தோல் கம்பெனி வேலையை விட்டுத் துபாய் போனவன். மார்ச் நடுவில் மகளிடமிருந்து கேக் படத்தோடு அன்னையர் தின வாழ்த்து வருகிறது. மார்ச் 21 அன்று மகன் அதே வாழ்த்தைச் சொல்லப் போன் பண்ணுகிறான். ஏப்ரல் 11-ல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய்மை தினம் என்று பேனர் தொங்குகிறது. மே இரண்டாவது ஞாயிறு வந்தால் ஊரே அம்மா படத்தை ஸ்டேட்டஸ் வைக்கிறது. ‘வருஷத்துக்கு எத்தனை தடவைடா எனக்குத் தினம்?’ என்று அந்த அம்மா கேட்டால், நம்மில் பலர் முழிக்கத்தான் வேண்டும்.

போதாக்குறைக்கு ஒவ்வொரு மே மாதமும் வாட்ஸ்அப்பில் இரண்டு செய்திகள் சுற்றும். ஒன்று, இது கிரேக்கர் காலத்திலிருந்து வரும் பண்டிகை என்பது. இன்னொன்று, பெற்றோரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு ஆண்டுக்கு ஒருநாள் பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த நாள் என்பது. இரண்டும் தவறு. உண்மைக் கதை டைபாய்டிலும் சாக்கடையிலும் செத்துப்போன குழந்தைகளிலும் தொடங்குகிறது.

முதலில் தேதிக் கணக்கு

இவை ஒரே நாளின் நான்கு தேதிகள் அல்ல. ஒன்றின் பாதிப்பு மற்றதில் இருந்தாலும், நான்கும் வெவ்வேறு நாட்கள்.

1. மே மாத இரண்டாவது ஞாயிறு. இது அமெரிக்க நாள். 1914-ல் அந்நாட்டு அரசு அறிவித்தது. இரண்டாவது ஞாயிறு என்பதால் மே 8-க்கும் 14-க்கும் இடையில் எந்தத் தேதியிலும் விழும். 2024-ல் மே 12, 2025-ல் மே 11, 2026-ல் மே 10. இந்தியாவில் நாம் பின்பற்றுவது இதைத்தான். அரசு விடுமுறை கிடையாது. ஞாயிறுக்கு எதற்கு விடுமுறை!

2. இங்கிலாந்தின் ‘மதரிங் சண்டே’. லெந்து நாட்களின் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நான்காவது ஞாயிறு, அதாவது ஈஸ்டருக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால். ஈஸ்டர் நகர்ந்தால் இதுவும் நகரும். 2024-ல் மார்ச் 10, 2025-ல் மார்ச் 30, 2026-ல் மார்ச் 15 என்று தாவுவது அதனால்தான்.

3. அரபு நாடுகளில் மார்ச் 21. எகிப்தில் 1956-ல் முஸ்தபா அமீன், அலி அமீன் என்ற பத்திரிகையாளர் சகோதரர்களின் முயற்சியால் வந்தது. பிறகு மற்ற அரபு நாடுகளுக்கும் பரவியது. வசந்தத்தின் முதல் நாள் என்பதால் அந்தத் தேதி.

4. இந்தியாவில் ஏப்ரல் 11, தேசியப் பாதுகாப்பான தாய்மை தினம். கஸ்தூரிபா காந்தி பிறந்தநாள். 2003-ல் மத்திய அரசு அறிவித்தது. இது வாழ்த்துச் சொல்கிற நாளாக வந்ததல்ல, பிரசவத்தில் பெண்கள் சாகக் கூடாது என்பதற்கான நாள்.

உலகம் முழுக்கப் பார்த்தால் பட்டியல் இன்னும் நீளும். தாய்லாந்தில் ராணி சிரிகித் பிறந்த ஆகஸ்ட் 12. மெக்சிகோவில் எந்தக் கிழமையானாலும் மே 10. நேபாளத்தில் ஒரு அமாவாசை நாள்.

கிரேக்கக் கதை ஏன் பொருந்தாது

கிரேக்கர்கள் ரேயா என்ற தாய்த்தெய்வத்தை வணங்கினார்கள், ரோமானியர்கள் சிபெலே என்ற தெய்வத்துக்கு விழா எடுத்தார்கள். அது சரி. ஆனால் தெய்வத்தைத் தாயாக வணங்குவது வேறு, பெற்ற தாய்க்கு ஒரு நாள் ஒதுக்குவது வேறு. அந்த விழாக்களிலிருந்து இன்றைய நாளுக்கு அறுபடாத தொடர்ச்சி எதுவும் இல்லை. இருந்திருந்தால் படவேடு ரேணுகாம்பாள் ஆடித் திருவிழாவையும் அன்னையர் தினம் என்று எழுதலாமே.

இங்கிலாந்து நாளுக்கும் தொடக்கத்தில் பெற்ற தாயோடு சம்பந்தம் குறைவு. ‘மதர் சர்ச்’ என்றால் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற சபை, அல்லது அந்தப் பகுதியின் தலைமை ஆலயம். லெந்து நடுவில் அங்கே போய்வருவது வழக்கம். வீட்டு வேலைக்கு வேறு ஊர் போன பிள்ளைகளுக்கு அன்று விடுப்புக் கிடைக்கும். போகிற வழியில் காட்டுப்பூ பறித்து அம்மாவுக்கும் கொடுப்பார்கள். இந்த வழக்கம் மெல்லத் தேய்ந்தது. 1913-ல் அமெரிக்க அன்னையர் தினத்தைப் பற்றிப் படித்த கான்ஸ்டன்ஸ் பென்ஸ்விக் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பெண், ‘நம்மிடமே ஒன்று இருக்கிறதே’ என்று பழையதைத் தூசு தட்டி எடுத்தார். ஆக, மகள் மார்ச்சில் அனுப்பும் வாழ்த்துக்கும் அமெரிக்கத் தூண்டுதல் உண்டு.

1858: பாலும் தண்ணீரும் பார்த்த பெண்கள்

ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்பவர் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வாழ்ந்தவர். அந்த இடம் அப்போது வர்ஜீனியா, பிறகு மேற்கு வர்ஜீனியா என்று தனி மாநிலமானது. அவர் பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் நான்கு பேர்தான். அந்த மலை ஊர்களில் தட்டம்மை, டைபாய்டு, டிப்தீரியா என்று ஏதாவது ஒன்று வந்து வீட்டுக்கு வீடு குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது.

1858-ல், மறுபடி கர்ப்பமாக இருந்தபோது, அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சங்கங்கள் ஆரம்பித்தார். பெயர்: ‘தாய்மார் தின வேலைச் சங்கங்கள்’. பெயரிலேயே ‘வேலை’ இருப்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் செய்தது இது:

- குழந்தைக்குக் கொடுக்கும் பால் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.
- குடிதண்ணீர், கழிவு, வீட்டுச் சுத்தம் பற்றி வீடு வீடாகச் சொன்னார்கள்.
- பணம் திரட்டி மருந்து வாங்கினார்கள்.
- அம்மா காசநோயில் படுத்த வீடுகளுக்கு உதவிக்கு ஆள் வைத்தார்கள்.

டாக்டராக இருந்த அவருடைய அண்ணன் ஜேம்ஸ் ரீவ்ஸ் ஆலோசனை சொன்னார். டைபாய்டு பற்றி நன்கு அறிந்தவர் அவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கிராம சுகாதாரச் செவிலியர் (எல்லாரும் ‘நர்சம்மா’ என்பார்களே, அவர்) செய்கிற வேலையில் பாதியை இந்தப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்தார்கள்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. அந்தப் பகுதியே இரண்டாகப் பிரிந்து நின்றது. சங்கங்கள் எந்தப் பக்கமும் சாயாது என்று ஆன் ஜார்விஸ் சொல்லிவிட்டார். முகாமில் டைபாய்டும் தட்டம்மையும் பரவியபோது இருதரப்புச் சிப்பாய்களுக்கும் அந்தப் பெண்களே மருத்துவம் பார்த்தார்கள். போர் முடிந்த பிறகு, 1868-ல், எதிரெதிராக நின்று சண்டை போட்ட குடும்பங்களை ஒரே இடத்தில் உட்காரவைக்க ‘தாய்மார் நட்பு நாள்’ என்று ஒன்றை நடத்தினார். அடிதடி ஆகும் என்று பயந்தவர்கள் உண்டு, ஆகவில்லை.

1870-ல் ஜூலியா வார்டு ஹோவ் என்ற கவிஞர், போரை நிறுத்தத் தாய்மார்கள் ஒன்றுகூட வேண்டும் என்று அறிக்கை விட்டு, ஜூன் 2-ஐத் தாய்மாரின் அமைதி நாளாக முன்வைத்தார். அது சில ஊர்களில் சில ஆண்டுகள் நடந்து நின்றுபோனது.

மகள் கேட்டு வாங்கிய நாள்

ஆன் ஜார்விஸ் 1905 மே 9 அன்று இறந்தார். கணவர் போன பிறகு பிலடெல்பியாவில் பிள்ளைகளோடுதான் இருந்தார். முதியோர் இல்லக் கதை இங்கேயே உடைகிறது. இந்த நாளுக்குக் காரணமான அம்மா, மகள் பராமரிப்பில் இருந்து போய்ச்சேர்ந்தவர்.

அந்த மகள் அன்னா ஜார்விஸ். தாய்மார்களின் சேவையை நினைக்க யாராவது ஒருநாள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அம்மா ஞாயிறு பள்ளியில் ஜெபித்ததைச் சிறுவயதில் கேட்டவர். அதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

- 1908 மே 10: அம்மா பாடம் நடத்திய கிராஃப்டன் ஊர் மெதடிஸ்ட் ஆலயத்தில் முதல் முறையான ஆராதனை. அன்னா 500 வெள்ளை கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். அதே நாள் பிலடெல்பியாவில் வானமேக்கர் என்ற பெரிய கடையின் அரங்கிலும் கூட்டம் நடந்தது. ஆலயமும் கடையும் ஒரே நாளில் தொடங்கியது பின்னால் நடந்ததற்கு ஒரு முன்னோட்டம்.
- 1910: மேற்கு வர்ஜீனியா மாநிலம் ஏற்றது.
- 1914 மே 9: ஜனாதிபதி உட்ரோ வில்சன் அறிவிப்பு. மே இரண்டாவது ஞாயிறு நாடு முழுக்கக் கொடியேற்றித் தாய்மார்களுக்கு மரியாதை செலுத்த வேண்டும்.

ஏன் மே இரண்டாவது ஞாயிறு? அம்மா இறந்த மே 9-க்குப் பக்கத்தில் வரும் ஞாயிறு வேண்டும் என்று அன்னா விரும்பினார். நாம் ஸ்டேட்டஸ் வைப்பது, ஒரு மகள் தன் அம்மாவுக்குக் கொடுத்த திதி என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு சின்னக் குறி, பெரிய வித்தியாசம்

ஆங்கிலத்தில் இந்த நாளின் பெயரை எழுதும்போது ‘எஸ்’ எழுத்துக்கு முன்னாலோ பின்னாலோ தலையில் ஒரு குறி போட வேண்டும். முன்னால் போட்டால் ‘ஒரு அம்மாவின் நாள்’. பின்னால் போட்டால் ‘அம்மாக்களின் நாள்’. அன்னா ஜார்விஸ் முன்னால்தான் போட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். ஒவ்வொருவரும் அவரவர் அம்மாவை நினைக்கட்டும், உலகத்துத் தாய்மாரையெல்லாம் அல்ல என்பது அவர் வாதம்.

அவருடைய அம்மா நடத்தியதோ பன்மை. ஊர்த் தாய்மார் சேர்ந்து ஊர்க் குழந்தைகளைக் காப்பாற்றுவது. அம்மாவின் நினைவாக மகள் உண்டாக்கிய நாளில், அம்மா செய்த வேலை காணாமல் போனது. இது என் கணிப்புதான், ஆனால் இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வேலை போனதும் மிஞ்சியது உணர்ச்சி. உணர்ச்சிக்கு உடனே கடை விரித்துவிடலாம்.

தமிழில் யார் முதலில் பெயர் வைத்தார்களோ, அவர்கள் ‘அன்னை தினம்’ என்று வைக்கவில்லை. ‘அன்னையர் தினம்’ என்றார்கள். ‘ஆசிரியர்’ என்றால் ஒருவரையும் குறிக்கலாம், பலரையும் குறிக்கலாம். ‘அன்னையர்’ பன்மை மட்டும்தான். மகள் தடுத்த பொருள் தமிழில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

பூ விலை

கார்னேஷனை அன்னா தேர்ந்ததற்கு முதல் காரணம், அம்மாவுக்குப் பிடித்த பூ. இன்னொன்றும் சொன்னார்: அது இதழ் உதிர்க்காது, வாடும்போதும் உள்ளே இழுத்துக் கட்டிக்கொள்ளும்.

ஒரே நாளில் ஒரே பூவை எல்லோரும் கேட்டால் என்ன ஆகும் என்பதைப் பூக்கடைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை போய் மல்லி விலை கேட்டுப் பார்த்தால் புரியும். நேற்று தாராளமாக முழங்கை தாண்டி அளந்த கை, இன்று முழங்கைக்கு முன்னாலேயே நின்றுவிடும். அமெரிக்காவிலும் மே மாதம் வெள்ளை கார்னேஷன் விலை ஏறியது, தட்டுப்பாடும் வந்தது. அதற்கு வியாபாரிகள் கண்ட வழி: அம்மா உயிரோடு இருந்தால் சிவப்புப் பூ, இறந்திருந்தால் வெள்ளை. ஒரு பூவுக்கு இரண்டு சரக்கு.

அன்னா கொதித்துப்போனார். வாழ்த்து அட்டை என்பது, பெற்றவளுக்குக் கைப்பட நாலு வரி எழுதச் சோம்பல்படுகிறவனுக்கானது என்கிற மாதிரி திட்டினார். வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். 1925-ல் பிலடெல்பியாவில் போர்வீரர்களின் தாய்மார் சங்கம் நடத்திய மாநாட்டில் கார்னேஷன் விற்று நிதி திரட்டியதை எதிர்த்து உள்ளே போய் ரகளை செய்ய, அமைதியைக் குலைத்ததாகப் போலீஸ் பிடித்தது. தான் கேட்டு வாங்கிய நாளை ஒழிக்கவே கடைசி வரை கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. 1948 நவம்பரில் ஒரு மருத்துவ விடுதியில் இறந்தார். அங்கே ஆன செலவில் ஒரு பகுதியைக் கட்டியவர்கள் பூ வியாபாரிகளும் வாழ்த்து அட்டைக்காரர்களும்.

நம் பக்கம் இந்த நாள் பரவலானது 1990-களுக்குப் பிறகு. கேபிள் டிவி, வாழ்த்து அட்டைக் கடை, அப்புறம் செல்போன் என்ற வரிசையில். நமக்கு வந்துசேர்ந்தது மகளின் நாளும் அல்ல, தாயின் நாளும் அல்ல. மகள் எதிர்த்துச் சண்டை போட்ட நாள்.

அதே வாரத்தில் குடியாத்தம்

வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு விஷயம் கண்ணில் படுவதில்லை. வைகாசி 1 பெரும்பாலும் மே 14 அல்லது 15. அமெரிக்க நாள் மே 8 முதல் 14-க்குள். ஆக, வேலூர் மாவட்டத்தின் பெரிய தாய்த்தெய்வ விழாவான குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் அன்னையர் தினமும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வருகின்றன.

கதை தெரிந்ததுதான். ஜமதக்னி சொல்ல, மகன் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறான். பிறகு வரம் கேட்டு உயிர்ப்பிக்கும்போது அவசரத்தில் தாயின் தலையை வேறு சாதிப் பெண்ணின் உடலில் வைத்துவிடுகிறான். திருவிழா அன்று காலை தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு மட்டும் ஊர்வலமாகப் புறப்படும். வழி நெடுக தேங்காய் உடைத்துச் சிதறும், மாலை மேல் மாலை விழும், கடைசியில் கோபாலபுரம் கோயிலில் காத்திருக்கும் உடலில் தலை பொருத்தப்படும். கண் திறந்த பிறகுதான் தரிசனம்.

இதை அன்னையர் தினத்தின் உள்ளூர் வடிவம் என்று சொல்ல வரவில்லை. தாயை வணங்குவதும் தாய்க்கு நேர்ந்ததை நினைப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கதை மறைக்கவில்லை. வாழ்த்து அட்டை மறைக்கிறது. இங்கே வணக்கத்துக்குள்ளேயே வெட்டும் இருக்கிறது.

வேலூரின் சொந்தக் கணக்கு

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அமெரிக்க மிஷன் குடும்பத்துப் பெண். படிக்கப் போன அமெரிக்காவிலிருந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். திரும்பிப் போய்விடும் எண்ணம்தான். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, மனைவிக்குப் பிரசவம் சிக்கலாக இருக்கிறது, வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பினார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

1899-ல் மருத்துவம் முடித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் பெண்களுக்கென 40 படுக்கை கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. இறந்த மனைவியின் நினைவாக ஒரு அமெரிக்கர் கொடுத்த பணம் அது. 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்றைய சிஎம்சி. அமெரிக்காவில் ஒரு பெண் அம்மாவுக்காக ஒரு நாள் கேட்டு ஊர் ஊராகக் கடிதம் எழுதிய அதே ஆண்டுகளில், வேலூரில் இன்னொரு பெண் அம்மாக்கள் சாகாமலிருக்க ஆள் தயார்செய்துகொண்டிருந்தார். 1858-ன் சங்கத்துக்கு இரண்டாவது பெண்தான் நெருக்கம்.

‘தாய் இறப்பு விகிதம்’ என்றால் என்ன

ஏப்ரல் 11 செய்திகளில் அடிபடும் சொல் இது. கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, அது தொடர்பான காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது தாய் இறப்பு. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இப்படி எத்தனை என்பதே விகிதம். விபத்தில் இறந்தால் சேராது. 2018-20 கணக்கெடுப்பில் இந்தியா 97, தமிழ்நாடு 54, கேரளா 19.

ஏன் சாகிறார்கள் என்பதை ஆராய, பொதுச் சுகாதாரத் துறையில் ‘மூன்று தாமதங்கள்’ என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

1. முடிவெடுக்கும் தாமதம். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, யார் பார்ப்பது, மாமியார் என்ன சொல்வார். திண்டிவனத்து மூன்று வீடுகளிலும் நடந்தது இதுதான். டாக்டர் பக்கத்திலேயே இருந்தார்.

2. போய்ச்சேரும் தாமதம். சாலை, வண்டி, தூரம்.

3. போன இடத்தில் சிகிச்சை கிடைக்கும் தாமதம். ரத்தம் இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா.

முதல் தாமதத்தைத் தமிழ்நாடு பெருமளவு குறைத்துவிட்டது. பிரசவம் வீட்டில் என்பது இன்று அரிது. கர்ப்பம் தெரிந்ததும் நர்சம்மாவிடம் பதிந்து ‘பிக்மி’ எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கினால்தான் மற்றதெல்லாம் நகரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணமும் இதைக் காட்டித்தான். 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய்: 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில், 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வேலூர்ச் சமவெளியில் இருக்கும் பெண்ணுக்கு மூன்றாவது தாமதமும் குறைவு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம், சிஎம்சி ஒரு பக்கம்.

இரண்டாவதுதான் இன்னும் மேலே இருக்கிறது. அணைக்கட்டு வட்டாரத்தில் மலைமேல் ஏறினால் அல்லேரி மாதிரி ஊர்களில், சாலை இல்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளை வேலூர் பேப்பர்களில் பலமுறை படித்திருக்கிறோம். டோலி என்றால் ஒரு மூங்கில், ஒரு போர்வை, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோள் மாற்ற இன்னும் இரண்டு பேர். வலி வந்தவளைப் போர்வைக்குள் சுருட்டிப் படுக்கவைத்து, இறக்கத்தில் தலைப்பக்கம் தாழாமல் பிடித்துக்கொண்டு, 108 வண்டி நிற்கிற இடம் வரை நடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும், நேரம் இரட்டிப்பாகும்.